பனிக்கு முன் வெளுத்த முயல்

வன ஆய்வு நிலையம்,
யெனிசேய் ஆற்றங்கரை, சைபீரியா
24 ஆகஸ்ட் 1991

ஷெர்லினுக்கு,

வந்து சேர்ந்தேன். ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, பின்னால் விட்டு வந்த மாஸ்கோவுக்குள் டாங்கிகள் புகுந்து, மூன்று நாள் நின்று, திரும்பிப் போய்விட்டனவாம். வந்ததையும் போனதையும் ஒரே நாளில் கேள்விப்பட்டதால் பதறுவதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. எங்கள் நிலையத்தின் இயக்குநர் தம் அறையில் இருந்த தலைவர் படத்தைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். இப்போது சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. எந்தப் படம் வந்தாலும் ஆணி வேண்டும் என்கிறார்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் ஊரைக் கேட்டார். மண்ணூர் என்றால் தெரியாது என்பதால் ஸ்ரீபெரும்புதூர் என்றேன். மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை உலகம் தெரிந்து வைத்திருக்கிறது. அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். என்னிடம் தொப்பி இல்லை. எழுந்து மட்டும் நின்றேன்.

அந்த மே மாதம்தான் நம் கல்யாணத்தையும் ஜூன் பாதிக்கு மேல் தள்ளியது. மாப்பிள்ளை இரண்டு வருஷம் சைபீரியாவுக்குப் போகிறவன். கையில் இருந்ததோ ஆகஸ்ட் பன்னிரண்டு வரை. அதிலும் நாலு வாரம் முடிந்ததும் உன்னை வாலாஜாபாத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். "நாமெல்லாம் வேதக்காரங்க, நமக்கு ஆடி ஏது, கீடி ஏது? பொண்ணுக்கு அம்மா ஞாபகம் வந்துகீது" என்றாள் என் அம்மா. அந்த ஞாபகம் ஜூலை பதினேழாம் தேதி வந்து ஆகஸ்ட் பதினாறாம் தேதி தீரும் என்பதும் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

மீனம்பாக்கத்தில் நீ உன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாய். ஒரு முறை பார்த்திருக்கலாம். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நீ நினைத்திருப்பாய். பார்த்தார்கள்தான்.

இங்கே இலையுதிர் காலம் தொடங்குகிறது. லார்ச் என்று ஒரு மரம். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை வருஷம் முழுக்கப் பச்சையாக இருந்து குளிரைத் தாங்கும். லார்ச் அந்த வீரத்தில் இறங்குவதில்லை. செப்டம்பரில் மஞ்சளாகி, எல்லா ஊசிகளையும் உதிர்த்துவிட்டு, செத்தது போல நிற்கும். கீழே இரண்டு முழம் தோண்டினால் கல் போல உறைந்த மண். அதனால் வேரைப் பக்கவாட்டில் மட்டும் ஓட்டும். உயரமாகவும் நிற்க வேண்டும், ஆழமாகவும் போகக்கூடாது. பார்க்க மரியாதையாக இருக்கிறது.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவளுக்கு எழுத்து தெரியாது, நீதான் படித்துக் காட்ட வேண்டும்.

ஜோயல்

*

மண்ணூர்
11 செப்டம்பர் 1991

உங்கள் பெயரைக் கடிதத்துக்குள் எழுதக்கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறார். உறையின் மேல் எழுதினால் பாவமில்லையாம், தபால்காரர் தேட வேண்டியிருக்கும் என்பதால். எனவே பெயரில்லாமல் தொடங்குகிறேன்.

ஆடி முடிந்த மறுநாள் என்னைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். கணவன் மனைவியைச் சேர்த்து வைப்பதற்கு அது நல்ல நாள். கணவன் மட்டும் ஊரில் இல்லை. நானும் அத்தையும் இருக்கிறோம். காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டையை நாள் முழுக்கச் சோதிக்கிறேன். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுக்க வேண்டும். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் கசிகிறது என்று அர்த்தம். நீங்கள் போயிருக்கும் இடத்தில் இந்த உத்தியோகம் இருக்காது.

செய்தி இதுதான். நான் முழுகாமல் இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் உறுதி செய்துவிட்டார்கள். சித்திரையில் பிறக்கும்.

இதை நீங்கள் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆகஸ்ட் ஆறாம் தேதி டிக்கெட் வாங்க மெட்ராஸ் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, கம்பெனிக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டது நீங்கள். என்னோடு வேலை செய்யும் ஜாஸ்மின் அன்று பி ஷிஃப்டில் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் அவள் அறைச் சாவி என்னிடம் இருந்தது. இந்த விவரம் உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருவர் சைபீரியாவில். ஜாஸ்மினை இழுக்க மாட்டேன். ஆண்பிள்ளை வந்தது தெரிந்தால் அறையை வாடகைக்கு விட்டவர் அன்றே அவள் பெட்டியைத் தெருவில் வைப்பார்.

மற்றவர்கள் கணக்கு என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். மீனம்பாக்கத்தில் நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்கள் பக்கத்திலேயே என் அம்மா உங்கள் அம்மாவுக்கு ஒரு நற்செய்தி சொன்னார். "பொண்ணு எங்க வூட்லயே ஆடி பொறந்து தலைக்கு ஊத்திக்கினா. சித்திரப் புள்ளன்னு ஒரு கவலயும் இல்ல சம்பந்தி." அத்தை, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். ஆடி பார்க்காத இரண்டு குடும்பங்கள் அதைப் பார்த்து முடித்த திருப்தியில் கை கோர்த்துக்கொண்டன. நான் பின்னால் நின்றது அதனால்தான்.

ஆக, ஆடியில் நான் முழுகியதற்கு இரண்டு தாய்மார்கள் சாட்சி. அதற்குப் பிறகு நீங்கள் என்னைத் தொடவில்லை என்பதற்கும் அவர்களே சாட்சி. இப்போது வயிற்றில் பிள்ளை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அத்தைக்கு எழுதுங்கள். அன்றைக்கு ஷெர்லினைப் பார்த்தேன் என்று ஒரு வரி. நான் சொன்னால் அது சமாதானம். நீங்கள் எழுதினால் அது செய்தி.

ஷெர்லின்

*

யெனிசேய் ஆற்றங்கரை
29 செப்டம்பர் 1991

அன்பு ஷெர்லின்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சந்தோஷம். இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நிலையத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, இயக்குநரிடம் சொன்னேன். அவர் தம் பங்குச் சர்க்கரையில் பாதியை ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தார். இப்போது இங்கே அது பெரிய மரியாதை.

இன்று காட்டில் ஒரு முயலைப் பார்த்தோம். இந்தப் பக்கத்து முயல் கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் வெள்ளையாகவும் இருக்கும். பனியில் நரியின் கண்ணில் படாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் பனி வந்துவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. பகல் நீளம் குறைவதை வைத்து நிறம் மாற்றுகிறது. இந்த வருஷம் பனி தாமதம். முயலோ காதும் காலும் வெளுத்துப்போய் பழுப்பு நிலத்தில் உட்கார்ந்திருந்தது. தன்னை யாரும் பார்க்க முடியாது என்ற நம்பிக்கையில் அசையாமல் இருந்தது. ஒரு மைல் தொலைவிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா விஷயம். யோசித்தேன். உனக்கு விலங்கியல் பட்டம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். இங்கே சேபிள் என்று ஒரு பிராணி, நம் கீரி மாதிரி, ரோமத்துக்காக வேட்டையாடுவார்கள். ஆணும் பெண்ணும் சேருவது கோடையில். அந்தக் கணக்குக்குக் குட்டி பிறந்தால் பனியில் செத்துப்போகும். எனவே கரு ஒரு புள்ளியாகக் கருப்பையில் மிதந்துகொண்டே இருக்கும், ஒட்டாது, வளராது. பல மாதம் பொறுத்திருந்து, குளிர்காலக் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கும். குட்டிகள் வசந்தத்தில் பிறக்கும். கரடியின் கருவும் இப்படிக் காத்திருக்கும். உயிரை உருவாக்கிவிட்டு, பருவம் சரியாகும்வரை நிறுத்தி வைப்பது. இதில் பொய் இல்லை, முழுக்க விஞ்ஞானம். கல்யாணமான புதிதில் உண்டானது மெதுவாக ஒட்டியது என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னால்...

அல்லது இன்னொரு வழி. என் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது நீதான். அடுத்த கடிதத்தைப் படிக்கும்போது நடுவில் நீயே அந்த ஒரு வரியைச் சேர்த்துப் படித்துவிடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜோயல்

*

மண்ணூர்
17 அக்டோபர் 1991

சேபிளின் சேதி கிடைத்தது. நம் தேர்வில் அந்தக் கேள்விக்கு எட்டு மதிப்பெண். மாமியார் இருக்கும் வீட்டில் சேபிள் எப்படிச் சமாளிக்கும் என்பது பாடத்தில் இல்லை.

தவிர, தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகு கருவை நிறுத்தி வைத்திருந்தேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியமில்லை. சொன்னாலும் அத்தை உங்களைப் போல விஞ்ஞானி இல்லை.

இரண்டாவது யோசனையும் முடியாது. இந்த வீட்டில் நான் படிக்கிறவள். நீங்கள் "சாப்பாடு பரவாயில்லை" என்று எழுதினால் அப்படித்தான் படிக்கிறேன், பொய் என்று தெரிந்தும். உங்கள் அம்மா நான் படிப்பதை நம்பிக் கேட்கிறார். நீங்கள் எழுதாததை நான் படித்தால், நாளைக்கு நீங்கள் எழுதியதையும் அவர் நம்ப வேண்டியதில்லை. காகிதம் வழுக்கிக்கொண்டு வரும்.

நிறம் மாற்றுவதை நீங்கள் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டுமா? மண்ணூரில் போன வருஷம் வரை கோவணத்தோடு ஏர் ஓட்டியவர்களெல்லாம் இப்போது நீலச் சட்டையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய நிறம் வருகிறது. எங்கள் சூப்பர்வைசர் நாகப்பன் மேனேஜர் வரும் நேரம் ஒரு நிறம், போன பிறகு ஒரு நிறம். வேலிகாத்தான் ஒன்றுதான் மாறாமல் இருக்கிறது. ஒரகடம் சாலையில் அளவுக்கல் நட்டுக்கொண்டே போகிறார்கள், அது கல்லைச் சுற்றியும் முளைக்கிறது.

வீட்டு நிலவரம். நாள் தள்ளிப்போனதைச் சொன்ன அன்றிலிருந்து அத்தை என்னிடம் கோபமாக ஒன்றும் பேசவில்லை. சோறு போடுகிறார், மீன் தலையை எனக்கு வைக்கிறார், பிறகு எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். ஒரு நாள் கேட்டார்: "வாந்தி எப்ப ஆரம்பிச்சிது?" சொன்னேன். விரல்களை மடக்கினார். மறுபடி முதலிலிருந்து மடக்கினார். கணக்கு சேராமல் கட்டை விரல் மடங்காமலே நின்றுவிட்டது. "சரி, தூங்கு" என்றார்.

மாதர் சங்கத்தில் எனக்காக ஜெபம் செய்தார்கள். எதற்காக என்று சொல்லாமல் செய்யும் ஜெபம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். என் தம்பி சாம்சன் வாலாஜாபாத்திலிருந்து வந்தான். "அக்கா, மச்சான் கிட்டேர்ந்து லெட்டர் வர்தா?" என்று கேட்டான். வருகிறது என்றேன். "இன்னா எழுதறாரு?" முயலைப் பற்றி எழுதுகிறார் என்றேன். அவன் செருப்பைத் தேடப் போனான்.

நேற்று அத்தை வாய் திறந்தார். "கிறிஸ்மஸ் முட்டும் இரு. ஆராதனைக்கு ரெண்டு பேரும் சேந்து போவோம், ஊருக்குத் தெரிய வாணாம். அப்பால உங்க அம்மா வூட்டுக்குப் போயிடு." பிரசவத்துக்கா அத்தை என்று கேட்டேன். சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

பனி வருவதற்கு முன்னால் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பது யார் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு வரி கேட்டேன்.

ஷெர்லின்

*

யெனிசேய் ஆற்றங்கரை
4 நவம்பர் 1991

ஷெர்லின்,

பனி வந்துவிட்டது. லார்ச் மரங்கள் மொட்டையாகிவிட்டன. பக்கத்தில் ஸ்புரூஸ் மரங்கள் கிளைகளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கின்றன. பனி ஏறினால் சரிந்து விழுந்துவிட வேண்டும், கிளை முறியக்கூடாது. எதிர்த்து நிற்கும் மரம் ஒன்றுகூட இந்தக் காட்டில் இல்லை. எல்லாம் வளைகிற ஜாதி.

உண்மையைச் சொல்கிறேன். ஆடி தொடங்கிய அன்று அம்மா என் கையைப் பைபிளின் மேல் வைத்து, "ஆடி முடியற வரைக்கும் வாலாஜாபாத் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். அந்த வாக்கை நான் மீறவில்லை. நாம் சந்தித்தது ஸ்ரீபெரும்புதூரில். சட்டப்படி பார்த்தால் என்னிடம் தவறில்லை. ஆனால் அம்மாவிடம் இந்த வாதம் எடுபடுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

அப்பா இறந்த பிறகு அம்மா என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். படிப்பு, பரீட்சை, சைபீரியா எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. ஏன் இதற்கு மட்டும் பைபிளை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவளுக்கு நான் பொய் சொன்னேன் என்பதை உன் குரலில் அவள் கேட்கப்போகிறாள் என்று நினைக்கும்போது பேனா நகரவில்லை. நேரில் வந்து சொல்வது நாகரிகமாக இருக்கும். ஆனால் விடுமுறைக்கு மனுப் போடலாம் என்றால், யாரிடம் போடுவது என்றே இங்கே முடிவாகவில்லை.

நீ சிரிப்பாய் என்று ஒன்று எழுதுகிறேன். இங்கே ஒரு மூஞ்சூறு இருக்கிறது. குளிர்காலத்தில் அதற்குத் தூக்கம் கிடையாது, இரை தேடிக்கொண்டே இருக்க வேண்டும், இரையோ குறைவு. எனவே அது தன் மண்டையோட்டைச் சுருக்கிக்கொள்கிறது. மூளையும் சேர்ந்து சுருங்குகிறது. மூளைக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாதாம். வசந்தத்தில் ஓரளவு திரும்ப வளர்கிறது. ஆய்வு நிலையத்தில் இந்தக் குளிர்காலத்துக்கு எல்லோரும் அந்த முறையைப் பின்பற்றலாம் என்று பேசிக்கொள்கிறோம்.

கொஞ்சம் பொறு. ஏதாவது வழி இருக்கும்.

ஜோயல்

*

மண்ணூர்
21 நவம்பர் 1991

சிரிக்கவில்லை.

ஆனால் மூஞ்சூறு செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கு வசந்தத்தில் கொஞ்சமாவது திரும்ப வளர்கிறது.

என் துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். அத்தை பார்த்தார், அடுக்காதே என்று சொல்லவில்லை. பழைய சேலை ஒன்றை எடுத்து, கறையில்லாத பக்கமாகக் கிழித்து, மடித்து, பெட்டியின் மேல் வைத்தார். பிள்ளைத் துணிக்கு. என்னைத் துரத்துகிறாரா, வழியனுப்புகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பைபிளில் கை வைத்து வாலாஜாபாத் என்றுதான் சொன்னேன், ஸ்ரீபெரும்புதூர் என்று சொல்லவில்லை என்கிறீர்கள். எனக்கு அது புரிகிறது. என் வயிற்றிலிருப்பது வெளியே வந்து கேட்டால் அதற்கும் அப்படியே விளக்குங்கள்.

அடுத்த கடிதத்தில் ஏதாவது ஒரு பிராணி தென்பட்டால் அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவேன். மரமும் அப்படியே.

ஷெர்லின்

*

யெனிசேய் ஆற்றங்கரை
7 டிசம்பர் 1991

ஷெர்லின்,

இன்று அம்மாவுக்கு எழுதி, தனி உறையில் இதே பையில் போடுகிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

'அம்மா, ஆகஸ்ட் ஆறாம் தேதி நான் டிக்கெட் வாங்க மெட்ராசுக்குப் போகவில்லை. அது முந்தின வாரமே வாங்கியாகிவிட்டது. அன்று ஷெர்லினைப் பார்க்கப் போனேன். நான்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். அவள் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னாள். பிள்ளை என்னுடையது. உனக்குப் பைபிளின் மேல் கொடுத்த வாக்கை மீறினேன். அவளை எங்கும் அனுப்பாதே. ஜோயல்.'

ஜாஸ்மின் பெயரை எழுதவில்லை.

படிக்கும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள், இதையும் உன் தலையில்தான் கட்டியிருக்கிறேன்.

உதவித்தொகை இரண்டு மாதமாக வரவில்லை. இந்த நாடு எவ்வளவு நாள் இருக்கும் என்று கேன்டீனில் பந்தயம் கட்டுகிறார்கள். ஊருக்கு வர வேண்டுமென்றால் இப்போது யாரும் தடுக்க மாட்டார்கள். தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று தெரியாததால். வந்தால் ஆராய்ச்சி பாதியில் நிற்கும், திரும்பி வர முடியாமலும் போகலாம். இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜோயல்

*

மண்ணூர்
30 டிசம்பர் 1991

உங்கள் இரண்டு கடிதங்களும் இருபத்து மூன்றாம் தேதி வந்தன. நான் ஷிஃப்டில் இருந்தேன்.

தபால்காரர் சுப்பன் அத்தையின் கையில் கொடுத்தபோது அவர் குழாயடியில் நின்றிருந்தாராம். மருமகள் வரட்டும் என்று முந்தானையில் முடிந்து வைத்திருக்கலாம். இந்த முறை அப்படிச் செய்யவில்லை. "நீயே படிப்பா" என்றாராம். நான் படித்தால் எதைப் படிப்பேனோ என்ற சந்தேகமாக இருக்கலாம். அல்லது நான் வரும்வரை பொறுக்க முடியாமலிருக்கலாம். இரண்டையும் நான் கேட்கவில்லை.

சுப்பனுக்குத் தாழ்ந்த குரலில் படிக்க வராது. தந்தி படித்துப் பழகியவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முடிவில் நிறுத்தி, ஊரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார். குழாயடியில் ஏழெட்டுக் குடம், எதிரே டீக்கடை. 'பிள்ளை என்னுடையது' என்பதை யாரோ கேட்கவில்லை என்று சொன்னதால் இரண்டாம் முறையும் படித்தாராம். நல்லவேளை, நீங்கள் பிராணி எதையும் சேர்க்கவில்லை.

நான் மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தெரு எனக்கு முன்பே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் சின்னப்பையன், அறுபது வயதாகிறது, இன்னும் அந்தப் பெயர்தான், கிளாஸைக் கழுவிக்கொண்டே சத்தமாகக் கேட்டார்: "இன்னாமா, ஆடிச் சீரு ஆளனுப்பிக் கூப்ட்டுக் குடுத்துட்டாராமே உன் வூட்டுக்காரு?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். அத்தை வாசலில் நின்றிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அங்கிருந்தே கத்தினார்.

"த்தோ பாரு சின்னப்பையா! என் புள்ள அவன் பொண்டாட்டியப் பாக்கப் போனான். உன் வூட்டுக் கதவயா தட்டனான்? டீய ஆத்து!"

அவர் டீயை ஆற்றினார். நான் வீட்டுக்குள் போனேன்.

உள்ளே வந்ததும் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பிரிக்காமல் வைத்திருந்த என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். சோறு போட்டார். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். மாதர் சங்கத்தார் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எனக்காக இந்த முறை யாரும் ஜெபிக்கவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை ஒரு மாட்டுவண்டி வந்து வாசலில் நின்றது. வண்டி நிறையத் தென்னங்கீற்று. பெட்டியை ஏற்றத்தான் வண்டி சொல்லியிருக்கிறார் என்று நினைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "பெட்டிய ஏன் தூக்கற? வயித்துல புள்ளய வெச்சிக்கினு!" என்று அத்தை அதைப் பிடுங்கி உள்ளே வைத்தார்.

கல்யாணத்துக்காக நீங்கள் பழைய கூரையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்டீர்களே, அதன் மேல் கீற்று வேய வேண்டும் என்று ஆள் கூப்பிட்டிருந்தார். கண்ணப்பன் என்று கீற்று முடைகிறவர், மண்ணூரில் இப்போது அந்த வேலைக்கு வருகிற ஒரே ஆள், மற்றவர்கள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவரே தயங்கினார். "மார்கழில எவனாவது வெயிலுக்குக் கூர போடுவானா கிளியம்மா? பங்குனில சொல்லு, வரேன்." அத்தை சொன்னார்: "பங்குனில உனக்கு ஆளு கெடைக்காது. ஏறு." தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பதில்: "சித்திரைக்கு எனக்குப் பேரப்புள்ள வருது. இந்த ஷீட்டுக்குக் கீய எப்டி வெச்சிக்கறது?" கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

நான் கீழேயிருந்து கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஏணியின் பாதியில் நின்றிருந்தார், என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். உங்களுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தானாம். சித்திரையில். அப்போது தகரக் கொட்டகையில் குடியிருந்தார்களாம், மாமாவுக்கு ரோடு வேலை. ஈரத்துணி சுற்றி வைத்தாராம். துணி காய்ந்துகொண்டே இருந்ததாம். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் என்று வைத்திருந்தார்கள், சனிக்கிழமை இறந்துவிட்டான். பெயர் மட்டும் முன்பே முடிவு செய்திருந்ததால் அதை வீணாக்க வேண்டாம் என்று அடுத்த பிள்ளைக்கு வைத்தாராம்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி இன்னா ஆவப்போவுது? அதான் ஆடில போவாதன்னு சொன்னேன். ஊரு சொல்லுதேன்னா நான் சொன்னேன்?" என்றார். பிறகு கயிறு கேட்டார்.

பதில் எழுதப் போகிறேன், என்ன எழுதட்டும் என்று நேற்றிரவு கேட்டேன். திட்டி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "நான் ஒண்ணும் சொல்லல. வேல எவ்ளோ ஆச்சின்னு மட்டும் எழுது" என்றார். எனவே எழுதுகிறேன்.

மேற்குச் சரிவு முழுக்க வேய்ந்தாகிவிட்டது. மத்தியான வெயில் அந்தப் பக்கம்தான் இறங்கும். கிழக்குச் சரிவையும் நேற்றே முடித்துத் தருகிறேன் என்று கண்ணப்பன் சொன்னார். அத்தை அவரை இறங்கச் சொல்லிவிட்டார். மீதிக் கீற்றைக் கட்டி வீட்டுக்குள்ளேயே அடுக்கியிருக்கிறார், மழையில் நனையாமல். அதனால் இப்போது கட்டில் போட இடமில்லை, இரண்டு பேரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிறோம்.

அந்தப் பக்கம் நீங்கள் வந்து வேய வேண்டுமாம். பங்குனி பிறப்பதற்குள்.

ஷெர்லின்